பார்க்காமல் சொல்லாதவர்

புதுக்கோட்டை கீழராஜ வீதியில், மோட்டார் பம்ப் கடைக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். முதன்முதலாகப் படியேறிப் போனபோது "வணக்கம் ஆடிட்டரம்மா" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார்.

"நான் ஆடிட்டர் இல்லைங்க. டேக்ஸ் பிராக்டிஷனர், வரிக் கணக்கு மட்டும் பாக்குறவ. ஆடிட்டர்தான் வேணும்னா இன்னொருத்தர் இருக்கார், வழி சொல்லவா?"

வாசலுக்கு வந்தவரை இன்னொரு வாசலுக்கு அனுப்பத் தயாராக இருந்த ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வேண்டாம், நீங்களே பாருங்கள் என்று உட்கார்ந்தேன். அதன் பிறகும் பல வருடம் ஊரில் எல்லோரும் அவரை ஆடிட்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் திருத்தினார். சலித்துக்கொண்டு திருத்தியதில்லை. பேருந்தில் சில்லறை சரியாக எண்ணிக் கொடுப்பவரின் முகம் இருக்குமே, அந்த முகம்.

பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்டிருந்தால், "என்ன எழுதியிருக்கீங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றிருப்பார். கொண்டுபோய்க் காட்ட அவர் இப்போது ஊரில் இல்லை.

ஐம்பதைத் தாண்டிய வயது. ஒல்லியான உடம்பு. வலது கட்டைவிரலில் காகிதம் புரட்டுவதற்கான ரப்பர் உறை மாட்டியிருப்பார். சாப்பிடும்போது மட்டும் கழற்றுவார். ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு ஃபைல் பை தொங்கும். இவை எல்லாம் யாருக்கும் இருக்கக்கூடியவை. அவருக்கு மட்டும் இருந்தது ஒன்றுதான்: தன் கண்ணால் பார்க்காத எதையும் சொல்ல மாட்டார். யார் என்ன கேட்டாலும் முதல் பதில், "தெரியலைங்க. பாத்துச் சொல்றேன்."

ஒரு முறை கீரனூரிலிருந்து போன் செய்து, "அங்கிட்டு மழையாங்க?" என்று கேட்டேன். "இருங்க" என்று போனை மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். "கீழராஜ வீதியில பெய்யுதுங்க. பஸ் ஸ்டாண்டுல தெரியலை."

இது சிரிக்கக்கூடியது. சிரிக்க முடியாததும் உண்டு. அவர் குடியிருந்த தெருவில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க இவரிடம் வந்திருக்கிறார்கள். பொண்ணு எப்படி என்று கேட்டதற்கு, "என்னைப் பாத்தா சிரிக்கும். மத்தது தெரியலைங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த இடம் தட்டிப்போனது. பெண்ணின் அம்மா ஒரு வருடம் இவரோடு பேசவில்லை. இதை அவரே என்னிடம் சொன்னார். "நல்ல பொண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். "நல்ல பொண்ணாத்தான் இருக்கும். ஆனா எனக்குத் தெரியாதே" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. இருந்தாலும் மறுபடி யாராவது வந்து கேட்டால் அதையேதான் சொல்வார் என்று எனக்குப் பட்டது.

ஏன் இப்படி என்று ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "தெரியலைங்க" என்றார்.

எங்களை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது 'கேன்சல்' என்ற ஒரு வார்த்தை.

என் அண்ணன் இருபது வருடத்துக்கு மேல் குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். சம்பாதித்ததைக் கொண்டு கீரனூர் கடைவீதியில் ஒரு கட்டடம் கட்டினார். கீழே இரண்டு கடை, மேலே ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் கிளை. அவருக்கு ஒரே மகள், பவானி. அண்ணி முதலில் போய்விட்டார். அண்ணனுக்கும் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பியபோது பவானிக்கு வயது இருபது. தன் துணியைத் தானே துவைப்பாள், பாத்திரம் அலம்புவாள், தன் பெயரை எழுதுவாள். கணக்கு வராது. எழுதியிருப்பதை வாசித்துப் புரிந்துகொள்ள வராது. யார் பேனாவைக் கொடுத்தாலும் வாங்கிக் கையெழுத்துப் போடுவாள். பெயர் எழுதக் கற்றுக்கொண்டதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

அதை நினைத்துத்தான் அண்ணன் கட்டடத்தை அவள் பெயரில் எழுதாமல் ஒரு குடும்ப டிரஸ்ட் வைத்தார். கட்டடம் டிரஸ்டுக்கு. வாடகை பவானியின் சாப்பாடு, மருந்து, பராமரிப்புக்கு. டிரஸ்டிகள் இரண்டு பேர். ஒருத்தி நான். குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடியில் வேலை பார்த்தேன். பவானி என்னோடுதான் இருந்தாள். இன்னொருவர் எங்கள் சித்தப்பா மகன் கருப்பையா அண்ணன், பந்தல் வாடகைக் கடை வைத்திருந்தவர். கையெழுத்துப் போட்ட வருடத்திலேயே அண்ணன் காலமானார்.

அண்ணன் போய் மூன்றாவது வருடம், ஃபைனான்ஸ் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் டிரஸ்டின் பதிவு நிலை பற்றி விளக்கம் வேண்டும், அதுவரை வாடகை நிறுத்திவைக்கப்படுகிறது என்று இருந்தது. கருப்பையா அண்ணன் கடிதத்திலிருந்த ஜிஎஸ்டி எண்ணைத் தன் போனில் அடித்துப் பார்த்திருக்கிறார். டிரஸ்டின் பெயர் வந்தது. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் கேன்சல் என்று வந்தது.

மறுநாள் காலையிலேயே டாடா ஏஸை ஓட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். உட்காரவில்லை.

"ஏத்தா, டிரஸ்ட்டு கேன்சலாயிருச்சு."

"யாருண்ணே சொன்னா?"

"கவர்மெண்டே போட்டுருக்கான், பாரு." போனை நீட்டினார். "என் மச்சான் சொல்றான், டிரஸ்ட்டு ரத்தானா டிரஸ்டியோட சொந்த வீட்டுக்கு வந்துருவாங்களாம். எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு வீடு. நம்மால இதைச் சொமக்க முடியாது. கட்டடத்தை வித்து, பணத்தைப் பிள்ளை பேர்ல பேங்குல போட்டுட்டு ஒதுங்கிக்குவோம். ஆள் பாத்துட்டேன். வெள்ளிக்கிழமை அக்ரிமெண்ட்டு."

அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. பவானிக்கு அம்மை போட்டபோது அவர் வீட்டிலிருந்துதான் தினமும் கஞ்சி வந்தது. அவர் பயந்திருந்தார், அவ்வளவுதான். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பவானி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரில் பேங்கில் பணம் இருந்தால் அது எத்தனை நாள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பவானியின் அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் 'கேன்சல்' என்று அரசாங்கமே போட்டிருக்கும்போது எதை வைத்து மறுப்பது?

அன்று செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் புதுக்கோட்டை போனேன். எங்கள் அங்கன்வாடி சூப்பர்வைசர்தான் அந்த மாடிப்படிக்கு வழி சொன்னவர்.

"டிரஸ்ட் ரத்தாயிருச்சுங்களா? அதை மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"தெரியலைங்க."

"போன்ல பாருங்க, போட்டிருக்கான்."

"பாத்தேன். ஏதோ ஒண்ணு கேன்சல்னு போட்டிருக்கு. எது கேன்சல்ங்கிறது பத்திரத்தைப் பாத்தாத்தான் தெரியும். கொண்டாந்தீங்களா?"

ஜெராக்ஸ் எடுத்துப் போயிருந்தேன். அதை ரப்பர் விரலால் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பின்பக்கம் சீல் இருக்கான்னு இதுல தெரியலை. ஒரிஜினல் வேணும்."

"வெள்ளிக்கிழமை அக்ரிமெண்ட்டுங்க. சரியாப் போயிரும்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா எங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்குவேன்."

"சரியாப் போகுமான்னு எனக்குத் தெரியாதே."

அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கீழே இறங்கினால் பம்ப் கடைக்காரர், "டிரஸ்ட்டா? ரெண்டு நாள்ல சரி பண்ணிரலாம்" என்றார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், "டிரஸ்ட்டு ரத்தானா சொத்து கவர்மெண்டுக்குப் போயிரும்" என்றார். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட இரண்டு கடைகள். இரண்டு பேருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தபோது, இந்த ஊரில் 'எனக்குத் தெரியாது' என்று சொன்ன ஒரே ஆளிடம்தான் பத்திரத்தைக் கொடுக்க முடியும் என்று தோன்றியது.

கருப்பையா அண்ணன் வீட்டு பீரோவிலிருந்து ஒரிஜினலை வாங்கிக்கொண்டு வியாழக்கிழமை மறுபடி போனேன். பத்திரம், பான் கார்டு, ஜிஎஸ்டி சான்றிதழ், அதுவரை டிரஸ்டுக்குக் கணக்குப் பார்த்தவர் கொடுத்திருந்த தாள்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பெயரெழுதி ரசீது போட்டுக் கொடுத்தார். அன்று மதியமே ஸ்கூட்டரில் கீரனூர் வந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுப் புத்தகத்தையே பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் கட்டடத்தின் மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இத்தனைக்கும் பத்திரத்தின் பின்பக்கம் சீல் தெளிவாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. "ரெண்டு டிரஸ்டியும் வாங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி வாங்க."

கருப்பையா அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, முத்திரைத்தாளைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு வந்தார். மூன்று நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொல்லியிருந்தார். அந்த அம்மா மேஜைமேல் மூன்று தாள்களை வரிசையாக வைத்தார்.

"இது பத்திரம். சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவாயிருக்கு. புத்தகத்துலயும் பாத்துட்டேன். டிரஸ்ட்டுங்கிறது இதுதான். இதை யாரும் ரத்துப் பண்ணலை."

கருப்பையா அண்ணன் வாயைத் திறந்தார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது பான் கார்டு. நாலாவது எழுத்தைப் பாருங்க. தனி ஆளா இருந்தா பி இருக்கும். இதுல டி இருக்கு. டிரஸ்ட்டுன்னு அர்த்தம். இதுவும் உயிரோட இருக்கு. இந்த மூணாவதுதான் ஜிஎஸ்டி. இதைத்தான் ரத்துப் பண்ணியிருக்காங்க. ஒங்க பழைய கணக்குக்காரர் இதை வாங்கி வச்சுட்டு மாசாமாசம் ரிட்டர்ன் போடலை. அதனால ஜிஎஸ்டி ஆபீஸ்காரங்களே ரத்துப் பண்ணிட்டாங்க."

"எல்லாம் ஒண்ணுதானங்க?" என்றார் கருப்பையா அண்ணன்.

"அண்ணே, நீங்க வண்டி ஓட்டுறீங்கல்ல? லைசென்ஸைப் புதுப்பிக்காம விட்டுட்டீங்கன்னு வைங்க. வண்டி ஓட்டக் கூடாது. அதுக்காக ஒங்க வீடு ஒங்க வீடு இல்லைன்னு ஆயிருமா?"

"ஆகாது."

"அவ்வளவுதான். அதோட, ஒங்க வருஷ வாடகை ஜிஎஸ்டி வரம்புக்குக் கீழதான் இருக்கு. இந்த ஜிஎஸ்டி நம்பரே ஒங்களுக்குத் தேவையில்லை. அது இருந்த மாசங்களுக்கு மட்டும் வரியும் தாமதக் கட்டணமும் கட்டணும். அதுல தப்பிக்க முடியாது. வாடகையில இருந்தே கட்டிரலாம்."

எனக்கு அப்போதே பாதி மூச்சு வந்துவிட்டது. ஆனால் அண்ணனின் பயம் டிரஸ்டில் இல்லை.

"அதைக் கட்டுறோம். என் வீட்டுக்கு வர மாட்டாங்கல்ல?"

யாராக இருந்தாலும் அந்த இடத்தில், அதெல்லாம் வர மாட்டாங்க அண்ணே என்று சொல்லியிருப்பார்கள். நான் மனத்துக்குள் கெஞ்சினேன்.

"அது தெரியலைங்க" என்றார். "அதை இன்னும் பாக்கலை."

அண்ணன் முத்திரைத்தாளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "ஏத்தா, வா. வாங்குறவுக அங்கிட்டுக் காத்துக்கிட்டிருக்காக."

"ஒரு மணி நேரம் குடுங்க" என்றார் அவர். கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. "மூணு வருஷம் வச்சிருந்த சொத்து. ஒரு மணி நேரம்."

அண்ணன் உட்கார்ந்தார். அந்த ஒரு மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. அவர் அலமாரியிலிருந்து தடித்த சட்டப் புத்தகங்கள் இரண்டை இறக்கினார். எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் உட்கார்ந்து, வேறு யாரும் அறையில் இல்லாததுபோல வாசித்தார். காகிதம் புரளும் சத்தம் மட்டும்தான். நடுவில் யாரோ ஒரு வக்கீலுக்குப் போன் செய்து, ஒரு பிரிவின் எண்ணைச் சொல்லி, "நான் புரிஞ்சுக்கிட்டது சரியா?" என்று கேட்டார். மறுபடி வாசித்தார். பிறகு எங்கள் பத்திரத்தை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை இன்னொரு தடவை. அண்ணனின் போன் இரண்டு முறை அடித்தது. அவர் எடுக்கவில்லை.

புத்தகத்தை மூடிவிட்டு அவர் அண்ணனைப் பார்த்தார்.

"அண்ணே, டிரஸ்ட்டுக்காக வர்ற வரிப் பாக்கிக்கு டிரஸ்ட்டோட சொத்துதான் பொறுப்பு. டிரஸ்டி அந்த வாடகையைத் தனக்குன்னு எடுத்துச் செலவழிச்சிருந்தா வேற விஷயம். செலவழிச்சீங்களா?"

"ஒரு டீ குடிச்சதில்லைங்க."

"அப்ப ஒங்க வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க. இதைப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

அண்ணன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு, "ஏத்தா, பசிக்குது" என்றார். கீழே இறங்கி ஓட்டலில் உட்கார்ந்து, இரண்டு சாப்பாட்டைச் சாப்பிட்டார். மூன்றாவது முறை குழம்பு ஊற்ற வந்தவரிடம், "ஊத்துங்க, ஊத்துங்க" என்று இலையைக் காட்டினார். அங்கிருந்தே வாங்க வந்தவருக்குப் போன் செய்து, இடம் விற்பனைக்கு இல்லை என்று சொன்னார். மறுபக்கம் என்ன திட்டினார்களோ, இவர் "சரிங்க, சரிங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஃபைனான்ஸ் கம்பெனிக்கு அந்த அம்மா எழுதிய பதில் ஒரே பக்கம். அடுத்த மாதம் வாடகை வந்துவிட்டது. பழைய தாள்களில் இன்னொரு தவறையும் கண்டுபிடித்தார். முன்பு பார்த்தவர் எங்கள் டிரஸ்டைத் தர்ம காரிய டிரஸ்ட் என்று வைத்து வருமான வரிப் படிவம் போட்டிருந்தார். "இது தர்ம டிரஸ்ட் இல்லைங்க. ஒரு பிள்ளையோட டிரஸ்ட். அதுக்குப் படிவமே வேற" என்று அதையும் சரிசெய்தார். சரிசெய்த பிறகு பார்த்தால் பயந்த அளவுக்கு ஒன்றும் வரவில்லை. ஒரே பயனாளி, பங்கு தெளிவாக இருக்கிறது, அதனால் பவானியே சம்பாதித்தால் எவ்வளவு வரியோ அவ்வளவுதான் என்றார். "பத்திரத்தை எழுதினவர் யோசிச்சு எழுதியிருக்கார்" என்று காலமான என் அண்ணனைப் பற்றிச் சொன்னார். யாரையாவது அவர் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வாசித்துப் பார்த்திருந்ததால் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு வருடா வருடம் அவரிடம் போய் வந்தோம். சில வருடங்களுக்கு முன் அவர் கோயம்புத்தூரில் மகனோடு இருக்கப் போய்விட்டார். போவதற்கு முந்தைய மாதம்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். என் அண்ணன் காலமானதிலிருந்து என் நெஞ்சில் இருந்த கேள்வி. எனக்கும் கருப்பையா அண்ணனுக்கும் வயதாகிறது. எங்களுக்கு அப்புறம் பவானிக்கு யார்?

"தெரியலைங்க" என்றார். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. காத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். பத்திரத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, டிரஸ்டிகள் உயிரோடு இருக்கும்போதே தங்களுக்குப் பின் வருபவரை நியமித்துப் பதிவு செய்துகொள்ளலாம் என்று பவானியின் அப்பா எழுதி வைத்திருக்கிறார் என்றார். ஆளை மட்டும் நாங்கள் சொல்ல வேண்டும். கருப்பையா அண்ணனின் மகள் தேன்மொழி திருச்சியில் நர்ஸ். நாங்கள் கேட்பதற்கு முன்பே, "நான் பாத்துக்கிறேன் அத்தை" என்றாள்.

நான்கு பேரும் போனோம். அவர் தேன்மொழியிடம் அரை மணி நேரம் பேசினார். இஷ்டப்பட்டுத்தான் வருகிறாயா, வீட்டுக்காரருக்குத் தெரியுமா, வெளியூர் மாற்றல் வந்தால் என்ன செய்வாய் என்றெல்லாம் கேட்டார். அப்புறம் நாற்காலியைத் திருப்பிப் பவானியைப் பார்த்தார்.

"ஒங்களுக்குச் சம்மதமாங்க?"

நான் குறுக்கிட்டேன். "அவளுக்கு இதெல்லாம் தெரியாதுங்க."

"தெரியுமா தெரியாதான்னு கேட்டாத்தான தெரியும்" என்றார். "டிரஸ்ட் இவங்களோடது."

இத்தனை வருடத்தில் நாங்கள் யாரும் அவளைக் கேட்டதில்லை. அவர் பவானிக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் வயசாயிருச்சு. அதுக்கப்புறம் ஒங்க வீடு, சாப்பாடு, மருந்து எல்லாத்தையும் இந்த அக்கா பாத்துக்கிட்டாச் சரியா? பவானி தேன்மொழியை மேலும் கீழும் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். அந்த அறையில் அவசரப்படுத்த யாரும் இல்லை.

"அக்கா வரட்டும்" என்றாள். "ஆனா டிவி என் ரூம்லதான் இருக்கணும்."

கருப்பையா அண்ணன் சிரித்துவிட்டார். தேன்மொழியும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.

நாங்கள் அதை மறந்துவிட்டோம். கீரனூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் நியமனப் பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுத்தபோது, எழுத்தர் வாசித்துக்கொண்டே வந்தவர் மூன்றாம் பக்கத்தில் நின்றார். "இது என்னங்க?" என்று வரியைக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். பயனாளியின் அறையில் உள்ள தொலைக்காட்சிப் பெட்டி அவருடைய சொந்த உபயோகத்துக்கு மட்டும் உரியது, அவர் சம்மதம் இல்லாமல் எந்த டிரஸ்டியும் அதை இடம் மாற்றக் கூடாது.

"அது அவ கேட்டது" என்றேன், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பவானியைக் காட்டி. எழுத்தர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தாளைத் திருப்பி, அந்தப் பக்கத்திலும் சீலைக் குத்தினார்.